உப்புக்காற்றில் ஒரு கார்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழி

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பழைய கார் ஒன்றைச் சல்லிசாகப் பிடித்து, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலுள்ள மண்டபத்துக்கோ தொண்டிக்கோ ஓட்டி வருகிறவர்களுக்கு முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வருஷம் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பும். நகத்தால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கி விரல் உள்ளே போகும். டிங்கரிங் பட்டறையில் விலை கேட்ட பிறகுதான், இந்தக் கரையில் கார் வைத்துக்கொள்வது வேறு சங்கதி என்று உறைக்கும். எனக்கு அப்படித்தான் உறைத்தது.

பாம்பனில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துரு தின்று தின்று, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்த வேண்டிவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசைலாக்சேன் என்கிற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேயே அவ்வளவு பயப்படுகிற காற்றில், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகட்டில் செய்த காரை நாம் வாசலில் நிறுத்தியிருக்கிறோம்.

அதனால் மற்ற ஊர்க்காரர்கள் எழுதுவதுபோல இன்ஜினிலிருந்து நான் தொடங்கப்போவதில்லை. இங்கே அழுக்கைவிட உப்புதான் பெரிய வேலை. மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்பு ஜாடி தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ராத்திரி உங்கள் காருக்கு அடியிலும் அதேதான் நடக்கிறது. பகலில் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருப்பது, பொழுது சாய்ந்ததும் ஈரமாகி இரும்பைத் தின்ன ஆரம்பிக்கிறது. கார் கழுவுவதை ஞாயிறு காலைக்குத் தள்ளாமல், கடலோரம் போய்வந்த அன்று சாயங்காலமே முடிக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

இந்த மாவட்டத்தில் கார் கழுவுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த ஷாம்பு என்பதல்ல, எந்தத் தண்ணீர் என்பது. கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை மோட்டார் போட்டு ஓஸ் பைப்பில் அடித்துக் காரைக் கழுவுவது, உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசுவது.

சோதிக்க மீட்டரெல்லாம் தேவையில்லை. ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் உங்கள் போர் தண்ணீரில் ஒரு கரண்டி, குடிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி, தள்ளித் தள்ளி ஊற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்த பிறகு நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் லேசாக ஒரு தடம் தெரியும். உப்புத் தண்ணீர் இருந்த இடத்தில் கோலமாவு சிந்தியதுபோல வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையம்தான் உங்கள் கதவு இடுக்கிலும் ஸ்க்ரூத் தலையிலும் உட்காரப்போவது.

நல்ல தண்ணீர் இங்கே காசு. காவிரித் தண்ணீர் வரும் நாளுக்குக் குடம் வரிசை வைக்கிற ஊரில் காருக்கு நூறு லிட்டர் கொட்டினால் வீட்டில் சோறு கிடைக்காது. கவலை வேண்டாம், மூன்று வாளியில் வேலையை முடிக்கலாம். மேல் மண்ணையும் சேற்றையும் தளர்த்த உப்புத் தண்ணீரே போதும். கடைசி இரண்டு அலசல் மட்டும் கட்டாயம் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மாடியிலிருந்து வடியும் நீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் காருக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்பு கிடையாது. அதை வாளியில் பிடித்துக் கடைசித் துடைப்புக்கு வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் தொடாதீர்கள். வீணாகப் போகிறதே என்று பலர் அதில் கழுவுகிறார்கள். உள்ளே போன தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம்.

அடிப்பாகம்: கண்ணுக்குத் தெரியாததுதான் முதலில் போகும்

மீன் வண்டிக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஐஸ் உருகி வடியும் உப்புநீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும். நம் டயர் அதை அள்ளி நம் அடிப்பாகத்திலேயே அடிக்கும். தனுஷ்கோடிப் பக்கம், முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை போனால் இன்னும் மோசம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் ரோட்டுக்கே ஏறிவரும், கடல் தூறலாகத் தெறிக்கும்.

அடிப்பாகம் கழுவ, வயலுக்கு மருந்தடிக்கும் முதுகு ஸ்பிரேயர் அருமையான கருவி. 16 லிட்டர் பிடிக்கும், பட்டறைத் தண்ணீர்க் குழாய்போல முரட்டு வேகம் கிடையாது, நீளக் குழலை டயர் இடுக்குக்குள் விட்டு மேலே பார்த்து அடிக்கலாம். மருந்தடித்த பழைய ஸ்பிரேயரை எடுத்துவிடாதீர்கள், தனியாக ஒன்று வாங்குங்கள். நான்கு சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், பிறகு கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப்பகுதி, பிறகு பின்பக்க ஆக்ஸில், சைலன்சர் தாங்கிகள். இந்த வரிசையில் போனால் ஒரு நிரப்பலில் முடியும். சக்கர வளைவில் காய்ந்த சேற்றுக்குப் பனந்தும்பு பிரஷ் நன்றாகக் கேட்கும். சாயல்குடிப் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. அதே பிரஷை பெயின்ட்டில் வைத்துவிட்டால் கீறல்தான்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கதவைத் திறந்து, அதன் அடிவிளிம்பைக் கீழிருந்து விரலால் தடவிப்பாருங்கள். இரண்டு மூன்று சின்ன நீள ஓட்டைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிய கம்பெனியே விட்ட ஓட்டைகள் அவை. இங்கே அதில் மணல் அடைத்துக்கொள்ளும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து நுழைத்து மெல்லச் சுழற்றுங்கள். முதலில் ஈர மணல் உதிரும். பிறகு, நான் முதல் தடவை செய்தபோது, பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவு என் பாதத்தில் கொட்டியது. எத்தனை மாதமாக அந்தக் கதவு உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்ததோ. கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ விடாதீர்கள், உள்பூச்சு கீறும். நான்கு கதவும், டிக்கிக் கதவும், மாதம் ஒருமுறை.

கழுவியதும் உடனே கவர் போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளே புழுங்கும். கவருக்குள் சிக்கிய மணல் காற்றில் ஆடி ஆடி பெயின்ட்டை உப்புத்தாள் போட்டதுபோலத் தேய்க்கும். நான்கு கதவையும் திறந்து வைத்துக் காய விடுங்கள்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிட்டால் துருவே வராது என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் பிடிக்காது, மணலை இழுத்து ஒட்டவைக்கும். அடிப்பூச்சு வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள ஆன்ட்டி-ரஸ்ட் கோட்டிங்கை, வண்டி சுத்தமாகக் காய்ந்த நிலையில், மழைக்கு முன் அடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துரு இருக்கும் இடத்தில் சுரண்டாமல் பூசினால் துருவுக்குப் போர்வை போர்த்தியதுதான்.

பானட்டைத் திறப்பதற்கு முன்

கைலியும் தோளில் துண்டுமாக ஓடும் இன்ஜினுக்குள் குனியாதீர்கள். பெல்ட் துணியை இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். மோதிரம், இரும்புச் செயின் வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். பேட்டரி முனையில் பட்டால் பொறி பறக்கும். சாவியை எடுத்துவிட்ட பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும், அதனால் அதன் பக்கம் விரல் வேண்டாம்.

ஆயில் பார்ப்பது எளிது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் கம்பியை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம், அதனால் ஒரேயடியாக ஊற்றாமல் கால் கால் லிட்டராகச் சேர்க்க வேண்டும். மேல்குறியைத் தாண்டுவதும் கெடுதல். டீசல் வண்டியில் ஆயில் போட்ட சில நாளிலேயே கறுத்துவிடும், பயப்பட வேண்டியதில்லை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் பயப்படுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் இங்கே நிறைய. ரேடியேட்டர் உள்ளிருந்தே அரிக்கும், உப்புப் படிந்து குழாய் அடைக்கும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்ட், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர், வேறெதுவும் வேண்டாம். பச்சையும் ரோஸும் கலக்காதீர்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். கையால் தொட்டுப் பார்த்து ஆறிய பிறகே திறக்க வேண்டும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். சிந்தியதை நாயும் பிள்ளைகளும் தொடாமல் உடனே துடையுங்கள்.

பிரேக் ஆயில் டப்பா வெளியிலிருந்தே அளவு தெரியும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் குணம் அதற்கு உண்டு. நம் காற்றில் அந்தக் கெடுவைத் தாண்டாதீர்கள். பெயின்ட்டில் ஒரு சொட்டு பட்டாலும் அரித்துவிடும்.

பேட்டரிக்கு இங்கே கொஞ்சம் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டும். முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூ பூத்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியே போய்விட்டதென்று முடிவுகட்டிவிடாதீர்கள், பாதி நேரம் இந்தப் பூதான் காரணம். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பொருந்தும். முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இந்த வரிசையை மாற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் ஷார்ட் ஆகும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி ஆப்பசோடாவைக் கலந்து பழைய டூத் பிரஷால் தொட்டுத் தேயுங்கள். சோடா பட்டதும் சுர்ரென்று நுரைக்கும். நுரைப்பது நின்றால் அமிலம் தீர்ந்தது. பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சோடா உள்ளே போகக் கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் தடவுகிறவர்களும் உண்டு. எனக்கு மேலே தடவுவதுதான் சரியாக வந்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில்.

மைனஸ் வயர் எங்கே போகிறதென்று விடாமல் பின்தொடர்ந்து பாருங்கள். அது பாடியிலும் இன்ஜினிலும் போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் துரு ஏறினால் புதுப் பேட்டரி போட்டும் வண்டி முக்கும். கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். மற்ற ஊரில் பத்து வருஷம் தொட வேண்டியிராத இடம் இது.

ஏர் ஃபில்டரைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பார்கள். தனுஷ்கோடி, வாலிநோக்கம் பக்கம் அடிக்கடி போனால் ஐயாயிரத்திலேயே திறந்து பாருங்கள். கிளிப்பை விடுவித்து எடுத்து, தரையில் மெல்லத் தட்டினாலே மணல் கொட்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக அடிக்க வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

இன்ஜின் கழுவுவது

இதற்காகத்தான் பலர் இந்தக் கட்டுரையைத் திறந்திருப்பீர்கள். என் அபிப்பிராயம், எல்லா வேலைகளிலும் அவசரம் குறைந்தது இதுதான், ஆபத்து கூடினதும் இதுதான். இன்ஜின் பளபளக்க வேண்டுமென்ற அவசியமில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனி வெயிலில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் ஒருமுறை போதும். ஆயில் எங்கே கசிகிறது, எலி எந்த வயரைக் கடித்திருக்கிறது என்று தெரிவதற்கும், கனெக்டர்களில் ஏறிய உப்புத்தூளை எடுப்பதற்கும்தான் இந்த வேலை.

நான் முதல்முறை செய்தது இப்படி. ஓட்டிவந்த சூட்டோடு பானட்டைத் திறந்து, ஓஸ் பைப்பை விரலால் அழுத்திப் பீய்ச்சி, திருப்தியாகக் குளிப்பாட்டினேன். மறுநாள் வண்டி கிளம்பி மாட்டுவண்டி மாதிரி குலுங்கியது, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. கீழக்கரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வண்டியக் குளிப்பாட்டுனீகளா, கடல்ல முக்கி எடுத்தீகளா?" ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை உருவிக் காட்டினார். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் அரைக் கிணறு தண்ணீர். அதைக் காற்றடித்து வெளியேற்றி, காயிலை வெயிலில் வைத்து, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி சரியானது. "இதுக்குக் காசு வேணாம், இனிமே ஓஸைத் தொடாதீக" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்யும் முறை:

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் செய்வது உத்தமம். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கெமிக்கல் பட்டால் அப்படியே காய்ந்து கறையாகும். நிழலில் நிறுத்துங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். ரேடியோவுக்குக் கோட் நம்பர் கேட்கும் வண்டியென்றால் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூட வேண்டியவை: பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டி, ஏர் ஃபில்டர் மூக்கு, இக்னிஷன் காயில்கள், ஆயில் மூடியும் ஆயில் கம்பியும். ஜவுளிக்கடைப் பையையும் ரப்பர் பேண்டையும் கொண்டு கட்டலாம். எத்தனை பை கட்டினோம் என்று எண்ணி வையுங்கள். கடைசியில் ஒன்றை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் அது பெல்ட்டில் சுற்றிக்கொள்ளும்.

முதல் கட்டம் தண்ணீரே இல்லாதது. பெயின்ட் அடிக்கும் பழைய பிரஷ் ஒன்றால் தூசு, மணல், காய்ந்த இலை, எலி கொண்டுவந்து வைத்த தேங்காய் நார் எல்லாவற்றையும் தட்டி எடுங்கள். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைப்பருக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். வேப்பிலைச் சருகெல்லாம் அங்கேதான் மக்கிக் கிடக்கும். அங்கேயும் வடிகால் ஓட்டை உண்டு, அடைத்தால் மழைத் தண்ணீர் காருக்குள் வரும். நேர்மையாகச் சொன்னால், பாதிப் பேருக்கு இந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

ஆயில் பிசுக்கு இருந்தால் மட்டும் அடுத்த கட்டம். ஆட்டோமொபைல் கடையில் டிகிரீசர் என்று கேட்டால் ஸ்பிரே கிடைக்கும். பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் அடித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊற விட்டு பிரஷால் தேயுங்கள், காய விடக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சில வாட்டர் சர்வீஸ்களில் டீசலோ மண்ணெண்ணெயோ அடித்துக் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பளபளவென்று வரும், உண்மைதான். ரப்பர் ஓஸும் பெல்ட்டும் ஊறி உப்பிப்போகும், சூடான எக்ஸாஸ்ட்டில் மிச்சம் பட்டால் தீப்பிடிக்கும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அலசுவதற்கு இரண்டு லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர், நல்ல தண்ணீர் மட்டும். தூறல்போல மேலிருந்து கீழாக, மூடிய இடங்களைத் தவிர்த்து. இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் செலவானால் நீங்கள் அதிகமாக ஊற்றுகிறீர்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அந்த வேகத்துக்குப் பல கனெக்டர்களின் ரப்பர் தாங்காது. ரேடியேட்டரின் முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சரின் மெல்லிய தகடுகளிலும் உப்பும் பூச்சியும் அப்பியிருக்கும். அங்கேயும் இதே தூறல்தான், பிரஷை அழுத்தினால் தகடு மடங்கிவிடும்.

துடையுங்கள், பைகளை எண்ணி அவிழுங்கள், பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் காற்றில் விடுங்கள். காற்றுக்கு இங்கே குறைவா என்ன, ஆனால் மணல் பறக்கும் நாளாக இருக்கக் கூடாது. கனெக்டர்களில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு வீச்சு அடிக்கலாம். மைனஸை மாட்டி ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். லேசாக ஆவி பறப்பது சகஜம். குலுங்கினால் காயில் குழிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, வண்டியை எடுக்காமல் அணைத்துக் காயவிடுங்கள். இரண்டு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், சுத்தமான இரும்பில் புதிதாக எங்கே ஆயில் ஈரம் தெரிகிறதோ அங்கேதான் கசிவு. வயர் மேலுறையில் பல் தடம் தெரிந்தாலும் அப்போதே கண்ணில் படும்.

எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை முழுக்கத் தாண்டிவிடுங்கள். ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் அது உயிர்க்கொல்லி மின்சாரம். வாரன்டியில் உள்ள புது வண்டிக்காரர்களும் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர், பிரேக், நிறுத்தும் இடம்

டயர் காற்று அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ஓடிய சூட்டில் அளந்தால் அதிகமாகக் காட்டும், காலையில் பாருங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், அது எப்போதும் காற்றில்லாமல்தான் இருக்கும். இந்த மாவட்டத்தின் தனிச்சிறப்பு சீமைக் கருவேல முள். ட்யூப்லெஸ் டயரில் முள் ஒடிந்து உள்ளேயே இருந்தபடி வாரத்துக்கு நாலைந்து பாயின்ட் காற்றை விடும். ஒரே டயரில் மட்டும் தொடர்ந்து இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். முள்ளை வீட்டில் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் மிச்சக் காற்றும் போகும். அப்படியே பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போங்கள்.

சக்கரம் கழற்றினால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். நம் ஊர் மணல் தரையில் ஜாக்கி சத்தமில்லாமல் புதையும். தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல், அடியில் போக வேண்டியிருந்தால் ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையா, அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

கழுவிய அன்று ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பின்சக்கரம் நகராது. ஈரமான பிரேக் டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். கழுவியதும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவையுங்கள். நாள்கணக்கில் நிறுத்துவதானால் முதல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் பதற வேண்டாம், டிஸ்கின் மேல் ஒரு ராத்திரியில் பூத்த துரு அது. நாலு பிரேக்கில் போய்விடும், போகாவிட்டால்தான் காட்ட வேண்டும்.

நிறுத்தும்போது கடல் பக்கம் பின்பகுதி இருக்கும்படி நிறுத்துவது என் பழக்கம். ஒரு சுவரோ தென்னங்கீற்றுத் தட்டியோ குறுக்கே இருந்தால் கூட நல்லது. வைப்பரை உயர்த்தி, ரப்பரை ஈரத்துணியால் ஒரு இழுப்பு துடைத்து விடுங்கள். மணல் ஒட்டிய ரப்பரைக் காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் வில் வில்லாகக் கீறல் விழும், இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் அது ஒவ்வொன்றும் தெரியும்.

ஆயில் மாற்றுவதை நான் எழுதவில்லை. செய்வது கஷ்டமில்லை, கழிவு ஆயிலை எங்கே கொண்டுபோவது என்பதுதான் கஷ்டம். வேலியோரம் குழி தோண்டி ஊற்றினால் அந்த மணலில் அது நேராகக் கிணற்றுக்கு இறங்கும். ஊருணி ஓரம் ஊற்றுகிறவரை ஊரே மன்னிக்காது. மெக்கானிக் ஷெட்டில் பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து வைப்பார்கள். நான் ஆயிலை வாங்கிக் கொடுத்து, கூடவே நின்று, டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.